பதரும் மணியும்

கப்பல்துறையிலிருந்து கண்டி வீதி வழியே செல்வோர், கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்களைக் காண்பர். அறுவடைக்குப்பின் நெல்லைத் தூற்றும்பொழுது கனத்த மணி கீழே விழும். பதர் காற்றோடு போகும். ஒரே கதிரில், ஒரே நீரையும் எருவையும் உண்டு வளர்ந்தவற்றுள் சில மணியாகவும் சில வெறுங்கூடாகவும் ஆவது ஏன்? பூச்சியும் நோயும் பதரை உண்டாக்கும் என்பது உண்மையே. ஆயினும், பல வேளைகளில் அதன் காரணம் பூ மலர்ந்த சிறுபொழுதினுள் அடங்கியிருக்கின்றது.

நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் திறந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதனுள் ஆறு மகரந்தக்கூடுகளும், இறகு போன்ற இரண்டு குறிகளும், ஒரே சூல்வித்தைக் கொண்ட சூலகமும் உள்ளன. குறியின்மேல் மகரந்தம் விழுந்தவுடன் கருக்கட்டல் முடிந்துவிட்டதெனக் கருதலாகாது. அது வாயிலை அடைந்த அளவே. விலங்குகளின் ஆண்புணரி நீந்திச் செல்லும்; பூக்குந் தாவரங்களின் ஆண்புணரிக்கோ நீந்தும் ஆற்றல் இல்லை. அதனைச் சுமந்து செல்வதே மகரந்தக்குழாய்.

இக்குழாயை 1824ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அமீச்சி, பருப்புக்கீரைப் பூவின் குறியிலே முதன்முதற் கண்டார். மகரந்தமணி குறியின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மெல்லிய குழாயொன்றை வெளிவிடும். குழாய் தன் நுனியில் மட்டுமே வளரும். சுவருக்கு வேண்டிய பொருள்கள் நுண்ணிய பைகளில் அடைபட்டு நுனிக்கு வந்து சேர்கின்றன. பின்னே கிடக்கும் பகுதி இடையிடையே அடைக்கப்பட, உயிர்ப்பொருள் முன்னோக்கியே நிற்கும். சோளனில், பொத்தியின் நார் ஒவ்வொன்றின் வழியாகவும் குழாய் நெடுந்தூரம் இறங்கவேண்டும். நெல்லிலோ தூரம் குறைவு. ஒரு மணி நேரத்துள் சூல்வித்தை எட்டிவிடும்.

இருளில் அதற்கு வழிகாட்டுவது யாது? சூல்வித்தின் முளையப்பையில், முட்டைக்கலத்தின் அருகே இரண்டு துணைக்கலங்கள் உள்ளன. யப்பானிய அறிஞர் இகாசியாமாவின் குழுவினர், தொரீனியா என்னும் செடியில் இக்கலங்களை லேசர் ஒளியால் அழித்தபோது, குழாய்கள் அவற்றை நாடி வரவில்லை. இது 2001இல் வெளிவந்தது. அக்கலங்கள் சுரக்கும் கவர்புரதங்களை 2009இல் அவர்களே கண்டறிந்தனர்.

குழாய் ஒரு துணைக்கலத்தினுள் நுழைந்ததும் அதன் நுனி வெடிக்கும். இரண்டு ஆண்புணரிகள் வெளிப்படும். அத்துணைக்கலமும் மாய்ந்துவிடும். ஆண்புணரிகளுள் ஒன்று முட்டையோடு கூடி முளையமாகும். மற்றொன்று நடுக்கலத்தின் இரு கருக்களோடு கூடி, முளையத்திற்கு உணவாகும் வித்தகவிழையத்தைத் தோற்றுவிக்கும். இவ்விரட்டைக் கருக்கட்டலை உருசிய அறிஞர் நவாசின் 1898இல் விளக்கினார். நாம் சோறாக உண்பது பெரும்பாலும் அவ்வித்தகவிழையமே. ஆகவே, இரண்டாவது ஆண்புணரி தன் இடத்தை அடையாவிடின் உமிக்குள் அரிசி இல்லை.

இனிப் பதருக்கு வருவோம். பூ மலரும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்தால், மகரந்தக்கூடுகள் செவ்வனே வெடிப்பதில்லை. குறியில் விழும் மணிகள் குறைகின்றன. விழுந்தவையும் நன்கு முளைப்பதில்லை. நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களே உயிர்த்திருப்பது. அது மறுநாளுக்குக் காத்திராது. கச்சான் காற்று வீசும் சிறுபோகத்தில் திருகோணமலை வயல்களுக்கு இவ்விடர் உண்டு. பூக்கும் பருவத்தில் நீர் குறைந்தாலும் இதுவே நிகழும். வெயில் ஏறுமுன் காலையிலேயே மலரும் நெல்லினங்களை ஆராய்ச்சியாளர் உருவாக்க முயல்வதும் இதனாற்றான்.

உழவர் செய்யத்தக்கன சில உள. காலம் தவறாது விதைத்தல் வேண்டும். கதிர் பூக்கும் நாட்களில் வயல் காயவிடலாகாது. பூ திறந்திருக்கும் முற்பகல் வேளையில் மருந்து தெளிப்பதையும் தவிர்த்தல் வேண்டும். பல மாத உழைப்பின் பயன், அச்சிறு குழாய் தடையின்றிச் சென்று சேர்வதையே பொறுத்திருக்கின்றது.