ரசீதில் வேறொருவர் பெயர்

சுங்கைப்பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் இணையத்தில் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தார். பணம் சரியாகக் கழிந்தது. ரசீதில் மட்டும் லூனாஸ்காரர் ஒருவரின் பெயர். “யாரோ ஹேக் பண்ணிட்டான் தம்பி” என்று பதறிப்போய் என்னிடம் காட்டினார். திருட்டு எதுவும் இல்லை. கூலிமில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பழகிய நோய்.

செர்வரில் வந்து விழும் வேலைகளைச் செய்பவை திரெட்டுகள். வாடிக்கையாளர் யார் என்ற விவரத்தை நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பது தொல்லை. அதனால் அதைத் திரெட்டோடு ஒட்டிவைத்துவிடுவோம். ஜாவாவில் இந்த வசதிக்கு திரெட்லோக்கல் என்று பெயர். 1998இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

ஒரே திரெட் வேலையை முடிக்கும்வரை வம்பில்லை. ரசீது அனுப்பும் வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டாமே என்று அந்த வேலையைப் பின்னணியில் இன்னொரு திரெட்டிடம் தள்ளும்போதுதான் சிக்கல். ஒட்டிவைத்த பெயர் கூடவே போகாது.

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான்; அங்கேயும் இதே கதைதான். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது வாளியைத் தூக்கி வந்த ஆளைப் பார்த்துத்தான் கணக்கெழுதும் கிராணி எடையை எழுதுவார். ஒருவர் பாலை இன்னொருவர் தூக்கி வந்தால், “இது பக்கத்து நிரை அக்கா பாலுங்கய்யா” என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தூக்கியவர் கணக்கில் ஏறிவிடும்.

திரெட் மாறும்போது பெயர் தொலைவதைச் சமாளிக்க, ஜாவாவில் சிலர் இன்ஹெரிட்டபிள்திரெட்லோக்கலைப் பிடிப்பார்கள். அது புதுத் திரெட் பிறக்கும் கணத்தில் மட்டுமே விவரத்தை நகலெடுக்கும். பின்னணித் திரெட்டுகளோ தினம் பிறப்பதில்லை; ஒரு கூட்டமாக வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துகிறோம். லூனாஸ்காரரின் ஆர்டரில் பிறந்த திரெட், அதன் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பெயரிலேயே ரசீது போடும்.

சரியான வழி, வேலையை ஒப்படைக்கும் நேரத்திலேயே விவரத்தை நகலெடுத்து அதனுடன் அனுப்புவது. வேலை முடிந்ததும், பிழையால் பாதியில் நின்றாலும், அந்த விவரத்தைத் திரெட்டிலிருந்து துடைத்துவிட வேண்டும். ஜாவாவின் ஸ்பிரிங் கட்டமைப்பில் டாஸ்க்டெக்கரேட்டர் இதற்கு உதவும். 2018இல் வந்த பைத்தான் 3.7இல் கான்டெக்ஸ்ட்வார்ஸ் உண்டு. 2025இல் வந்த ஜாவா 25இன் ஸ்கோப்டுவேல்யூவில், உரிய பகுதி முடிந்ததும் மதிப்பு தானே அகன்றுவிடும். நாம் துடைக்க வேண்டியதில்லை.

சோதனையில் இது சிக்காததற்குக் காரணம் எளிது. எழுதியவர் தன் கணினியில் தனியாக ஓட்டிப் பார்ப்பார். மிச்சமிருக்கும் பெயரும் அவருடையதே. அதனால் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: பின்னணிக்கு ஒரே திரெட் வை, இரண்டு பெயரில் அடுத்தடுத்து ஆர்டர் போடு, இரண்டாவது ரசீதைப் படி.