கணினி தருவோர் போடவேண்டிய கணக்கு

பாடசாலைக்குக் கணினி அன்பளிப்புச் செய்வது நமது ஊர்களில் வழமையாகிவிட்டது. பழைய மாணவர்களும் தனவந்தர்களும் தருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் பதுளை மாவட்ட ஆசிரியர் என்ற வகையில் ஒன்றைக் கேட்கிறேன்: வாங்கிய விலை மட்டும்தான் செலவா?

ஒரு பொருளை வாங்கிய நாள் முதல் கழிக்கும் நாள் வரையான எல்லாச் செலவையும் கூட்டிப் பார்ப்பதே ‘மொத்த உரிமைச் செலவு’. கணினிகளுக்கு இக்கணக்கை 1987இல் கார்ட்னர் நிறுவனம் பிரபலமாக்கியது.

உதாரணத்துக்கு, தலா 60,000 ரூபாவுக்கு 10 கணினிகள் வாங்குகிறோம்: 6 இலட்சம். மேசை, வயரிங், மின்னல் பாதுகாப்பு 1.5 இலட்சம். யூபிஎஸ் 1.5 இலட்சம். இரண்டு மூன்று வருடத்தில் அதன் பெட்டரிகளை மாற்ற 60,000. ஐந்து வருடத்துக்கு மின்சாரம் 1.8 இலட்சம், இணையம் 1.8 இலட்சம், திருத்த வேலை 3 இலட்சம். மொத்தம் 16.2 இலட்சம். வாங்கிய விலை இதில் பாதிகூட இல்லை.

நமது மலைநாட்டில் இது இன்னும் கூடும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமின்னல். மற்ற நாட்களில் பனியும் ஈரமும். பசறை, லுணுகலைத் தோட்டப் பாடசாலைக்குத் திருத்துநர் வந்துபோகும் கூலியே தனிச்செலவு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களும் நின்றுவிட்டன. அதற்குமேல் போக முடியாத பழைய இயந்திரத்தை ‘அன்பளிப்பு’ என்று வாங்கினால், பாடசாலைக்குச் சுமைதான்.

நஷ்டம் யாருக்கு? வீட்டில் கணினி இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு. பாடசாலைக் கணினி நின்றால், தகவல் தொழில்நுட்பப் பாடத்தைப் புத்தகத்தில் படம் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை படிக்க வேண்டும்.

இதற்கான வழி நமது மார்க்கத்திலேயே உண்டு. வக்ஃப் சொத்தின் வருமானத்தில் முதல் உரிமை அச்சொத்தின் பராமரிப்புக்கே என்பது ஃபிக்ஹ் சட்டம். ஸதகத்துல் ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். மூலையில் தூசு படியும் கணினி ஓடவில்லையே!

ஆகவே, அதே 6 இலட்சத்தில் நான்கு கணினிகளை வாங்குங்கள். மீதி 3.6 இலட்சத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள். மேலே சொன்ன கணக்கின்படி, இணையம் தவிர்ந்த ஐந்து வருடச் செலவு அதற்குள் அடங்கும். பெறும் அதிபர்களும் “எத்தனை?” என்பதற்கு முன், “யார் திருத்துவது, எந்தப் பணத்தில்?” என்று கேட்கட்டும். அது நன்றிகெட்ட கேள்வியல்ல. அமானத்தைப் பேணும் கேள்வி.