கதவைத் திறந்து விடுவது யார்? வீட்டுக் கணனியின் பாதுகாப்பு பற்றி

வீட்டில் கணனி வைத்திருப்பவர்களிடம் அதன் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "வைரஸ் கார்ட் போட்டிருக்கு தானே." வாசலில் காவலாளியை வைத்தாயிற்று, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்பது இதன் பொருள். ஆனால் வீட்டுக்காரரே கையைப் பிடித்து உள்ளே கூட்டி வரும் ஆளைக் காவலாளி எப்படித் தடுப்பார்? வீட்டுக் கணனிகளைக் கெடுப்பவற்றில் பெரும்பங்கு இப்படி நாமே கூட்டி வந்தவைதான். ஹெக்கர் என்றதும் இருட்டறையில் உட்கார்ந்து நம் பெயரைச் சொல்லித் தேடும் ஒருவனைக் கற்பனை செய்கிறோம். அவன் நம்மை அறியான். கடலில் வலை வீசுகிறான், அகப்பட்டது மீன்.

இச்சஞ்சிகையின் வாசகர்களில் பலர் எழுதுபவர்கள், ஆசிரியர்கள், ஊர் வரலாறு தேடுபவர்கள். பாதி முடிந்த நூல், ஸ்கேன் செய்து வைத்த பழைய அறபுத்தமிழ் ஏடுகள், இப்போது உயிரோடு இல்லாத மூத்தவர்களின் குரல் பதிவுகள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். கணனி பழுதானால் கடையில் வேறொன்று வாங்கலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

களவுப் பிரதிக்கும் வைரஸுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஐபிஎம் வகைக் கணனிகளில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986இல் லாஹூரிலிருந்து புறப்பட்டது. பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் அதை எழுதினார்கள். தாங்கள் தயாரித்த மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி செய்பவர்களைக் கண்டுகொள்ளவே அப்படிச் செய்ததாகப் பிறகு சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதி, மருந்து வேண்டுமானால் எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள் என்றும் போட்டிருந்தார்கள். ஃப்ளொப்பி டிஸ்க் வழியாக அது பாகிஸ்தானைத் தாண்டி அமெரிக்கா வரை போனது. முகவரி கொடுத்துவிட்டு வைரஸ் விட்ட காலம் அது.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' அவ்வளவு வெகுளியானதல்ல. காதல் கடிதம் என்று தலைப்பிட்ட ஒரு மின்னஞ்சல், கூடவே ஓர் இணைப்பு. இணைப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோலத் தெரியும், அதாவது வெறும் எழுத்து ஃபைல். உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வாலும் இருந்தது. அந்த வாலைக் கொண்டது ஃபைல் அல்ல, ஓடக்கூடிய ஒரு புரோகிராம். விண்டோஸ் இந்த வால்களை மறைத்து வைக்கும் பழக்கமுடையது என்பதால் திறந்தவர்களின் கண்ணுக்கு அது படவில்லை. படங்களை அழித்தது, விலாசப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பியது, பாஸ்வேர்ட் திருடும் இன்னொரு புரோகிராமையும் இறக்கப் பார்த்தது. எழுதிய மாணவர் அகப்பட்டும் அவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டம் இருக்கவில்லை. இலங்கையில் கணனிக் குற்றச் சட்டம் வந்தது 2007இல், 24ஆம் இலக்கச் சட்டமாக.

இத்தனை வருடமாகியும் விண்டோஸ் அந்த வாலை மறைத்துத்தான் வைத்திருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான். ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ' என்பதற்குள் போய், 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்குச் சரி அடையாளம் போடுங்கள். (விண்டோஸ் 11இல் 'வியூ'வுக்குள் 'ஷோ' என்று ஒன்று வரும், அதற்குள் இருக்கும்.) அதன்பிறகு 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று ஒன்று வந்தால் அது பில் அல்ல என்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கிராக். நம் நாட்டில் பேஜ்மேக்கரும் ஃபொட்டோஷொப்பும் காசு கொடுத்து வாங்கிப் பாவிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். இது கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நான் பேசுவது அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரி எப்போதும் ஒன்றாகவே இருக்கும்: வைரஸ் கார்ட்டை நிறுத்திவிட்டு இன்ஸ்டோல் செய்யவும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு எங்களை உள்ளே விடு என்று ஒருவன் வாசலில் நின்று கேட்டால் நாம் விடுவோமா? இங்கே விடுகிறோம். வைரஸ் கார்ட்டையே கிராக் பண்ணிப் போடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

'ஸ்டொப்' என்ற கப்பம் கேட்கும் வைரஸ் குடும்பம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. அது ஃபைல்களை அழிப்பதில்லை, பூட்டிவிடுகிறது. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத ஒரு வால் முளைக்கும், எதுவும் திறக்காது. ஃபோல்டர்களில் ஒரு கடிதம் கிடக்கும்: திறப்பு வேண்டுமானால் 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை. சந்தையில் பேரம் பேசுவது போல. ஒரு கிராக்கால் மிச்சப்படுத்தியதற்கு ஆள்கள் கொடுத்த விலை இது.

பென்டிரைவ் கதை எல்லோருக்கும் தெரிந்தது. போட்டோக்கொபிக் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்து வாங்கி வந்து வீட்டில் போட்டால், உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் சின்ன அம்புக்குறியோடு 'ஷோர்ட்கட்' ஆகிவிட்டிருக்கும். "எல்லாம் அழிஞ்சி போச்சு" என்று ஃபோர்மட் பண்ணிவிடுவார்கள். அழியவில்லை. வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை ஓட வைக்கும் ஷோர்ட்கட்டை முன்னால் வைத்திருக்கிறது. ஆகவே ஃபோர்மட் பண்ண வேண்டாம், ஷோர்ட்கட்டைக் கிளிக் பண்ணவும் வேண்டாம். முதலில் ஸ்கேன். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸுக்குள் ஒளித்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி மாற்றினால் உங்களுடைய சாமான் மங்கலாகத் தெரியும். அதைப் பிரதி எடுத்துக் கொள்ளலாம். பிரிண்ட் எடுக்க மட்டும் ஒரு பென்டிரைவைத் தனியாக வைத்திருப்பது இன்னும் சுகம், அதில் வேறொன்றும் இருக்கக் கூடாது.

நாம் எதையும் திறக்காமலே வருவதும் உண்டு. 2017 மே 12ஆம் திகதி 'வனாகிரை' 150இற்கு மேற்பட்ட நாடுகளில் கணனிகளைப் பூட்டியது, இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் நின்றன. எவரும் எந்த இணைப்பையும் கிளிக் பண்ணத் தேவைப்படவில்லை, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது தானாகவே கணனிக்குக் கணனி தாவியது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். நம் ஊரில் கணனி கட்டிக் கொடுக்கும் கடைத் தம்பிமார் சிலர் "டேட்டா முடிஞ்சிரும்" என்று அப்டேட்டை நிறுத்திவிட்டே கொடுக்கிறார்கள். அதைத் திருப்பி ஓட விடுங்கள். விண்டோஸ் 7 பாவிப்பவர்களுக்கு 2020 ஜனவரியோடு அந்த அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது.

உளவு மென்பொருள் சத்தம் போடாது. கணனி மெதுவாகாது, படம் மாறாது. நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பதிந்து அனுப்பும் வகை ஒன்று. பிரௌசரில் "பாஸ்வேர்டை ஞாபகம் வைக்கவா?" என்று கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்லிச் சேர்ந்த மொத்தப் பட்டியலையும் சில நொடிகளில் அள்ளிக் கொண்டு போகும் வகை இன்னொன்று, இப்போது இதுதான் அதிகம். வீட்டில் பெண்பிள்ளைகளின் படங்கள் கணனியில் இருக்கின்றன, கமெராவும் இருக்கிறது. இந்த விடயத்தில் பயந்து பேசாமல் இருப்பவர்கள்தான் அதிகம் நசுக்கப்படுகிறார்கள். பிள்ளைக்கு ஏதும் மிரட்டல் வந்தால் முதலில் வீட்டாரிடம் சொல்லலாம், ஏச்சு விழாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும், எந்த மென்பொருளையும் விட அது பெரிய பாதுகாப்பு. மின்னஞ்சலுக்கும் பேஸ்புக்குக்கும் இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டு வையுங்கள். போனுக்கு வரும் இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

வைரஸ் கார்ட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுப் பாவனைக்குப் போதும் என்பது என் எண்ணம். அதைவிடப் பயனுள்ளது, பிள்ளைகளுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுப்பது. கேம் டவுன்லோட் பண்ணிப் போடப் பார்த்தால் பெரும்பாலும் கணனி உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும், நீங்களும் அறிந்து கொள்வீர்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் ஒருதரம் மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் ஒரு நாள் அகப்படலாம். அன்றைக்குக் கை கொடுப்பது பிரதி மட்டுமே. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை முக்கியமானவற்றைப் பிரதி எடுத்து, கழற்றி, அலுமாரியில் வைக்க வேண்டும். கழற்றுவதுதான் முக்கியம், ஏனெனில் கொழுவியே இருந்தால் கப்ப வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். "கூகிள் டிரைவில் இருக்கு தானே" என்பதும் முழுப் பதிலல்ல. கணனியில் பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் அதே கோலத்தில் போய்ச் சேரும், பழைய வடிவங்கள் 30 நாள் வரை கிடைக்கும் என்பதால் அதற்குள் கவனித்தால் மீட்கலாம். எழுதிக் கொண்டிருக்கும் நூலை ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்து கொள்வது பழைய முறைதான், இன்னும் வேலை செய்கிறது.

பூட்டப்பட்டுவிட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கணனியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கப்பம் கட்ட வேண்டாம், கட்டினாலும் திறப்பு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இலங்கைக் கணனி அவசர ஆயத்தக் குழுவுக்கு, அதாவது ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு, அறிவியுங்கள். பழுது பார்க்கும் கடையில் கொடுத்தால் அங்குள்ளவர் முதலில் சொல்வது "ஃபோர்மட் பண்ணுவம்" என்பதாக இருக்கும். அதற்கு முன் பூட்டிய ஃபைல்களை அப்படியே, அந்தக் கப்பக் கடிதத்தோடு, வேறு டிஸ்க் ஒன்றில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 'ஸ்டொப்' வகையின் பழைய வடிவங்கள் பலவற்றுக்கு 2019இல் எம்சிசொஃப்ட் என்ற நிறுவனம் இலவசத் திறப்பு வெளியிட்டது. அதுவரை ஃபைல்களை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது உதவியது.