கையால ஒரு பொங்கல் வாழ்த்து: ஒரு ரப்பர், ஒரு இங்க் பேட், பன்னிரண்டு முகவரி

(எபிசோட்ல பேசினதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஆப் இல்ல, கேட்ஜெட் இல்ல. பொங்கல் வாழ்த்து அட்டையை நம்ம கையாலேயே எப்படிச் செய்யறதுன்னு முழுசாப் பார்க்கப் போறோம். அச்சு செதுக்கறது, எந்த இங்க், எந்தத் தாள், தபால்ல எவ்வளவு எடை வரைக்கும் போகும், எல்லாமே. அதுக்கு முன்னாடி நீங்க கேட்கப்போற கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்கு?

வாழ்த்தோட விலை குறைஞ்ச கதை

1843ல லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தர் இருந்தார். அங்கே 1840ல வந்த ஒரு பென்னி தபால் முறைக்காக வேலை செஞ்சவர்களில் ஒருவர். கிறிஸ்துமஸுக்கு வந்து குவியற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரம் இல்ல. அதனால ஜான் ஹார்ஸ்லின்னு ஒரு ஓவியர்கிட்ட படம் வரையச் சொல்லி, அச்சடிச்சு, மேலே பெயர் மட்டும் எழுதி அனுப்பினார். முதல் கிறிஸ்துமஸ் கார்டுன்னு சொல்றது அதைத்தான். அதாவது, வாழ்த்து அட்டையே ஒரு ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் மாதிரிதான் பிறந்துச்சு. கடிதம் எழுதற வேலையை மிச்சப்படுத்த வந்த ஷார்ட்கட்.

நம்ம ஊர்ல அந்த ஷார்ட்கட்டுக்கு வேற ஒரு அர்த்தம் வந்துச்சு. மதம் சாராத தமிழர் திருநாள்னு பொங்கலை திராவிட இயக்கமும் தமிழ் இயக்கங்களும் முன்னால கொண்டுவந்தப்போ, பொங்கல் வாழ்த்தும் கூடவே வளர்ந்துச்சு. சிவகாசி அச்சகங்கள்ல இருந்து பானை, கரும்பு, பசுவும் கன்றும், சூரியன், தலைவர்கள், எம்ஜிஆர், சிவாஜி, அப்புறம் ரஜினி, கமல்னு அட்டைகள் வந்துச்சு. ஜனவரி பிறந்தா ரோட்டோரத்துல கயிறு கட்டித் தொங்கவிட்டு விப்பாங்க. யாருக்கு எந்த அட்டைன்னு தேர்ந்தெடுக்கறதுதான் பெரிய வேலையே. உறையை ஒட்டாம, மடிப்பை உள்ளே செருகி, மூலையில ‘புக் போஸ்ட்’னு எழுதினா அப்போ கட்டணம் குறைவா இருந்துச்சு. வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க, இந்த டிரிக்கை எல்லாருமே சொல்வாங்க.

அவசரம்னா தந்தி. தந்தி ஆபீஸ்ல வாழ்த்து வாசகங்களுக்கு எண் போட்ட பட்டியல் இருக்கும். நீங்க எண்ணைச் சொன்னாப் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாப் போய்ச் சேரும். நம்ம பாஷையில ஒரு லுக்அப் டேபிள். 2013 ஜூலையில தந்தி சேவையே முடிஞ்சுபோச்சு.

அதுக்குள்ள எஸ்எம்எஸ் வந்திருந்துச்சு. ஞாபகம் இருக்கா, பண்டிகை நாள்ல எஸ்எம்எஸ் பேக் வேலை செய்யாது. ‘பிளாக்அவுட் டே’ன்னு பேரு. முழுக் காசு பிடிப்பாங்க. வருஷத்துக்கு அதிகபட்சம் அஞ்சு நாள்தான் அப்படி வைக்கலாம்னு டிராய் விதியே போட்டுச்சு. வாட்ஸ்அப்ல அதுவும் போயிடுச்சு. இந்தியாவுல போன் மெமரி நிறையறதுக்கு குட் மார்னிங் படங்கள் ஒரு பெரிய காரணம்னு கூகுள்காரங்க கண்டுபிடிச்சாங்க. 2017 டிசம்பர்ல அவங்க வெளியிட்ட ‘ஃபைல்ஸ் கோ’ ஆப்புல, அந்தப் படங்களைத் தேடி அழிக்கிற வசதியும் வந்துச்சு. 2018ல இந்தியாவுக்கு மட்டும், ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு வெச்சுது.

அனுப்பறதுக்கு ஒண்ணுமே செலவாகலன்னா, வாங்கறவருக்கு அதுல இருந்து ஒண்ணுமே தெரியாது. என்னை நினைச்சு அனுப்பினாங்களா, இல்ல லிஸ்ட்ல நானும் இருந்தேனா? கையால செஞ்ச அட்டையில அந்தச் சந்தேகம் வராது. ஒரு சாயங்காலம் பூரா உட்கார்ந்தாலும் பத்து, பன்னிரண்டுக்கு மேல முடியாது. அதனால யாருக்குன்னு யோசிச்சே ஆகணும். நான் சொல்ல வர்ற விஷயமே இவ்வளவுதான். இனிமே செய்முறை.

முதல்ல எடைக் கணக்கு

சாதாரண தபால் உறைக்கு 20 கிராம் வரைக்கும் 5 ரூபாய். அதுதான் நம்ம பட்ஜெட். தாள்ல ஜிஎஸ்எம்னு போட்டிருக்கே, அது ஒரு சதுர மீட்டர் தாளோட எடை. ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர். ஏ4 அதுல பதினாறுல ஒரு பங்கு. அப்போ 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 18.75 கிராம். அதைப் பாதியா வெட்டி மடிச்சா ஒரு அட்டை, சுமார் 9.4 கிராம். உறை நாலு, அஞ்சு கிராம். மேல ஒட்டற டிசைன் தாள் ரெண்டு கிராம். மொத்தம் பதினாறு பக்கம் வரும். பாஸ்.

கல், மணி, ஃபோம்னு மேல மேல ஒட்டினா 20ஐத் தாண்டிடும். தபால்தலை குறைவா ஒட்டினா, குறையற தொகையில ரெண்டு மடங்கை வாங்கறவர் கட்டணும். பொங்கல் வாழ்த்து அனுப்பிட்டு வாசல்ல காசு கேட்க வைக்கக் கூடாது இல்லையா.

தாளுக்கும் ஒரு திசை இருக்கு

ஆலையில தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடற திசையிலேயே படியும். அந்தத் திசையில மடிச்சா மடிப்பு சுத்தமா வரும். குறுக்கே மடிச்சா வெடிச்ச மாதிரி பிசிறு தெரியும். கண்டுபிடிக்கறது ஈஸி. தாளை மடிக்காம ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ, மடிப்பு அந்த வாட்டத்துல வரணும். ஏ4ல நார் நீளவாக்குல ஓடினா, குறுக்கே பாதியா வெட்டி, அந்தப் பாதியை மறுபடியும் பாதியா மடிக்கும்போது தானாவே சரியா அமையும்.

மடிக்கறதுக்கு முன்னாடி ஸ்டீல் ஸ்கேல் வெச்சு, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால அழுத்தி ஒரு கோடு போடுங்க. அப்புறம் மடிச்சு, ஸ்பூனோட பின்பக்கத்தால தேய்ச்சு விடுங்க. கடையில வாங்கின மாதிரி இருக்கும்.

ரப்பர்ல அச்சு

இணையத்துல கிளியர் ஸ்டாம்ப் செட் கிடைக்குது. ஆனா அதுல மேப்பிள் இலையும் பனிமனிதனும்தான் அதிகம். பானையும் கரும்பும் வேணும்னா நாமே செதுக்கலாம். பென்சில் ரப்பர்தான், பெரிய சைஸ் வாங்குங்க. கூட ஒரு பேப்பர் கட்டர், கிடைச்சா லினோ கட்டர்.

டிரேசிங் பேப்பர்ல பென்சிலால படம் வரைங்க. அதை ரப்பர் மேல கவுத்துப் போட்டு நகத்தால தேய்ங்க. படம் இடவலமா மாறி ரப்பர்ல ஒட்டிக்கும். அச்சு போடும்போது மறுபடி மாறி நேராகிடும். எழுத்து செதுக்கறவங்க இந்த வழியை விடவே கூடாது.

கோட்டுக்கு வெளியே செதுக்கும்போது கத்தியை வெளிப்பக்கமா சாய்ச்சுப் பிடிங்க. கோட்டோட அடிப்பாகம் அகலமா, மலைச்சரிவு மாதிரி இருக்கணும். உள்பக்கமாச் சாய்ச்சா அடி மெலிஞ்சு, நாலாவது அச்சுலேயே கோடு மடங்கிடும். கத்தி போற வழியில விரல் இருக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம்.

முதல் தடவை செய்யறவங்க எழுத்தை விட்டுடுங்க. ப நேர்கோடுங்கறதால வந்துடும். ங, ல எல்லாம் பொறுமையைச் சோதிக்கும். இன்னொரு பிரச்சினையும் இருக்கு. ‘வாழ்த்துகள்’னு செதுக்கணுமா, ‘வாழ்த்துக்கள்’னா? இலக்கணம் தெரிஞ்சவங்க முதலாவதைத்தான் ஏத்துக்குவாங்க. செதுக்கின பிறகு ஹாட்ஃபிக்ஸ் கிடையாது. படத்தை அச்சா வெச்சுக்கிட்டு, எழுத்தைப் பேனாவால எழுதிடுங்க.

கத்தியே வேண்டாம்னா வெண்டைக்காய். காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினா பூ வடிவம் தயார். பென்சில் முனையில இருக்கற குட்டி ரப்பர்ல புள்ளி வரும்.

ஒரு எச்சரிக்கை. ரப்பர் அச்சை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வைக்காதீங்க. அதை மென்மையாக்கச் சேர்த்திருக்கற ரசாயனம் மெல்ல வெளியே வந்து பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும். தாள்ல சுத்தி வெச்சா அடுத்த வருஷமும் உதவும்.

எந்த இங்க்

ரெண்டு வகை. டை இங்க் தாளுக்குள்ள ஊறி சீக்கிரம் காயும், வெளிச்சத்துல வெளுக்கும். பிக்மென்ட் இங்க் தாள் மேலேயே படியும். காய நேரம் ஆகும், ஆனா நிறம் நிக்கும். பளபளப்பான தாள்ல பிக்மென்ட் போட்டா மறுநாளும் விரல்ல ஒட்டும். அதனால அட்டைக்கு மேட் தாள்தான். மஞ்சள் தூளைக் குழைச்சு சூரியனுக்குப் போடலாம்னு தோணும். வெயில் பட்டா வெளுத்துடும். சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டா ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்துடும். இன்னைக்கே கையில கொடுக்கற அட்டைக்கு ஓகே, எடுத்து வைக்கற அட்டைக்கு வேண்டாம்.

அச்சை பேட் மேல குத்தாதீங்க. அச்சைத் தலைகீழாப் பிடிச்சு, பேடை அது மேல மெதுவாத் தட்டுங்க. பள்ளத்துக்குள்ள இங்க் இறங்காது. தாள்ல வெச்சதும் ஆட்டாம, நேரா அழுத்தி நேரா எடுங்க. நமக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழைக்காலம், காத்துல ஈரம் இருக்கும். தாள் ஈரம் குடிச்சு வளையும். இங்க் நல்லா காஞ்ச பிறகு அட்டைகளைக் கனமான புத்தகத்துக்கு அடியில ஒரு ராத்திரி வெச்சுடுங்க.

டிசைன் தாள் வீட்டுலேயே இருக்கு

பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் முதல் சுரங்கம். தடிமனான தாள், தங்கக் கரை, பட்டுப்புடவை மாதிரி டிசைன். நீளப்பட்டையா வெட்டி அட்டையோட ஓரத்துல ஒட்டினா புடவை பார்டர் மாதிரியே இருக்கும். சாமி படம் இருக்கற பகுதியில கத்தி வைக்காதீங்க, வீட்டுல திட்டு விழும். புதுசா வேணும்னா தாம்பரத்துல இருந்து மின்சார ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷன்ல இறங்கி, ஆண்டர்சன் தெருவுக்கு நடந்து போயிடலாம். காகிதக் கடையும் பத்திரிகைக் கடையுமா இருக்கற தெரு அது. சின்னத் தேவைக்கு சண்முகம் சாலைப் பக்கமே போதும்.

நாமே உருவாக்கறதும் சுலபம். மார்கழி முழுக்க வாசல்ல பார்க்கற புள்ளிக் கோலம் இருக்கே, அதேதான். பென்சில் ரப்பரால ஏழுக்கு ஏழு புள்ளி வைங்க, சுத்திப் பேனாவால இழுங்க. இன்னும் ஈஸியா வேணும்னா ஒரே அச்சை வரிசையா வெச்சு, அடுத்த வரிசையைப் பாதி தள்ளி வைங்க. கண்ணுக்குத் துணி டிசைன் மாதிரி தெரியும். ஒட்டறதுக்கு வெள்ளைப் பசை வேண்டாம், தண்ணி அதிகம், தாள் சுருங்கும். குளூ ஸ்டிக் இல்லன்னா டபுள் சைடு டேப்.

கிழக்கு தாம்பரம் பக்கம் டிசம்பர்ல வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். ஒரு வட்டம், ஒரு முக்கோணம்னு ரெண்டே அச்சு செதுக்கினா கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் ஆகும், பொங்கல் சூரியனும் ஆகும்.

கஷ்டமான பகுதி: முகவரி

என் போன்ல 800 காண்டாக்ட் இருக்கு. வீட்டு முகவரி தெரிஞ்சது எத்தனைன்னு முதல் தடவை எண்ணினப்போ பதினொண்ணு. அதுல நாலு ஆபீஸ் நண்பர்கள், பார்சல் அனுப்பினதால தெரியும்.

முகவரியை மெசேஜ்ல கேட்காதீங்க, போன் பண்ணுங்க. முடிச்சூர்ல இருக்கற என் பெரியம்மாகிட்ட கதவு எண் கேட்கக் கூப்பிட்டேன். பெரியப்பா காலமான பிறகு கல்யாணம், காரியம்னாதான் பார்த்துக்குவோம். “எதுக்குடா கேக்கற?”ன்னாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், பெரியப்பாவுக்கு வந்த வாழ்த்தையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில வெச்சிருந்ததாகவும், 2015 வெள்ளத்துல அந்தப் பெட்டி நனைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தூக்கிப் போட வேண்டியதாப் போச்சுன்னும் சொன்னாங்க. வருஷா வருஷம் போகியில இருந்து காப்பாத்தி வெச்ச அட்டைகள் அது. நாப்பது நிமிஷம் பேசினோம். கதவு எண்ணைக் கேட்க மறந்து, மறுநாள் திரும்பக் கூப்பிட்டேன்.

அட்டை போய்ச் சேர்ந்தப்போ அவங்க பதில் எதுவும் அனுப்பல. ஆடி மாசம் அவங்க வீட்டுக்குப் போனேன். டிவி ஷோகேஸ்ல, பெரியப்பா போட்டோ பக்கத்துல நின்னுச்சு.

அதனால உள்ளே எழுதற வரியை அச்சுல விடாதீங்க. ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’ ஒரு வரி. அதுக்குக் கீழே, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம். டியூஷன் மிஸ்ஸா இருந்தா அவங்க போட்ட கணக்கு, அத்தையா இருந்தா அவங்க வீட்டு மொட்டை மாடி. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு தாளும் இங்க்கும்.

பின்கோடு கட்டாயம். நம்ம பக்கம் ‘தாம்பரம்’னு மட்டும் எழுதினா போதாது. மேற்கு தாம்பரம் 600045, கிழக்கு தாம்பரம் 600059, சானடோரியம் 600047, சேலையூர் 600073, குரோம்பேட்டை 600044. பழைய எண், புதிய எண் ரெண்டும் இருந்தா ரெண்டையும் எழுதுங்க. போன் நம்பரும் கீழே போட்டா நல்லது.

காலண்டர்

டிசம்பர் மூணாவது வாரம் அச்சு செதுக்குங்க. கிறிஸ்துமஸ் லீவுல அட்டை அடிங்க. ஜனவரி 2, 3ல உள்ளே எழுதுங்க. 5ஆம் தேதிக்குள்ள தபால் பெட்டியில போடுங்க. சாதாரண தபாலுக்கு டிராக்கிங் கிடையாது, எப்போ போகும்னு பார்த்துக்கிட்டே இருக்க முடியாது. வெளிநாட்டுக்குன்னா டிசம்பர் நடுவிலேயே போஸ்ட் ஆபீஸ்ல எடை போட்டு அனுப்பிடுங்க.

பன்னிரண்டு அதிகம்னா மூணு போதும். ரப்பர் நாளைக்கு வாங்கிக்கலாம். இன்னைக்கு ராத்திரி ஒருத்தருக்கு மட்டும் போன் பண்ணி, “உங்க வீட்டு அட்ரஸ் சொல்லுங்க”ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.