ஆட மறுத்த அணி: கேட்டது என்ன, கிடைத்தது என்ன?

2020 ஆகஸ்ட் 26. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் என்பிஏ கூடைப்பந்து பிளே-ஆஃப் ஆட்டம். ஆர்லாண்டோ மேஜிக் வீரர்கள் களத்தில் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மில்வாக்கி பக்ஸ் அணி உடைமாற்றும் அறையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஆடாமல் கிடைக்கும் வெற்றியை ஏற்க மேஜிக் அணியும் மறுத்தது. அன்றைய மற்ற இரு ஆட்டங்களும் நின்றன.

ஏன் மறுத்தார்கள்?

மூன்று நாள் முன்பு, பக்ஸ் அணியின் சொந்த மாநிலமான விஸ்கான்சினில், கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரை வெள்ளைக்காரப் போலீஸ் ஒருவர் மிக நெருக்கத்தில் ஏழு முறை சுட்டார். பிளேக்குக்கு இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது.

ஆட மறுத்தபின் அணி வெளியிட்ட அறிக்கையை வாசித்த இருவரில் ஒருவர் பக்ஸ் வீரர் ஸ்டெர்லிங் பிரவுன். 2018 ஜனவரியில், மருந்துக்கடை வாசலில் காரைத் தாறுமாறாக நிறுத்திய விவகாரத்தில், மில்வாக்கி போலீஸார் அவரைத் தரையில் தள்ளி டேசர் மின்துப்பாக்கியைப் பிரயோகித்தார்கள். வழக்குப் போட்டார்; 2021-இல் நகர நிர்வாகம் 7.5 லட்சம் டாலர் தர இசைந்தது.

மண்டியிடுவதிலிருந்து என்ன வேறுபாடு?

2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக் போலீஸ் அத்துமீறலை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். பேச்சு சீக்கிரமே போலீஸை விட்டுவிட்டு, கொடிக்கு அவமரியாதையா என்ற பக்கம் போய்விட்டது. 2017-இலிருந்து எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை.

பக்ஸ் வீரர்கள் நிறுத்தியது வேலையை. என்பிஏ ஒப்பந்தம் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்கிறது. ஆனாலும் லீக் அவர்களைத் தண்டிக்கவில்லை. அறைக்குள்ளிருந்தே மாநில அட்டர்னி ஜெனரலுடனும் துணை ஆளுநருடனும் போனில் பேசினார்கள். சம்பந்தப்பட்ட போலீஸார் மீது நடவடிக்கை வேண்டும், சட்டமன்றம் கூடிக் காவல்துறைச் சீர்திருத்தத்தைக் கையிலெடுக்க வேண்டும் என்று அறிக்கையில் கேட்டார்கள்.

பலன் என்ன?

ஆகஸ்ட் 29-இல் ஆட்டங்கள் தொடங்கின. சமூக நீதிக் கூட்டமைப்பு ஒன்றை அமைக்கவும், அணி உரிமையாளர்கள் வசமுள்ள அரங்குகளைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிகளாக்க முயலவும் லீக் சம்மதித்தது.

சட்டமன்றத்தில் நிலவரம் வேறு. சீர்திருத்த மசோதாக்களுக்காக ஆளுநர் அழைத்த சிறப்புக் கூட்டம் ஆகஸ்ட் 31-இல் கூடிய வேகத்திலேயே ஒத்திவைக்கப்பட்டது, விவாதமே இல்லை. பிளேக்கிடம் கத்தி இருந்ததால் தற்காப்பு வாதத்தை முறியடிக்க முடியாது என்று கூறி, சுட்டவர் மீது குற்றம் சாட்ட 2021 ஜனவரியில் அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார்.

ஆட்டம் நின்றால் நஷ்டம் லீக்குக்கு. அதனால் லீக் இறங்கிவந்தது. போலீஸுக்கான சட்டத்தை எழுதும் உறுப்பினருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் அஞ்சுவது ஓட்டுக்குத்தான். வீரர்கள் வாங்கிய சலுகைகளில் வாக்குச்சாவடி முக்கியமானதற்குக் காரணம் இதுவே.