பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடுதி வாழ்க்கை

பேராதனைப் பல்கலைக்கழகம் இலங்கையின் மலைநாட்டில், கண்டி நகருக்கு அண்மையில் அமைந்துள்ள அரச பல்கலைக்கழகமாகும். ஹந்தானை மலைச்சரிவிலும் மகாவலி ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 700 ஹெக்டயர் பரப்பில் விரிந்துள்ள இவ்வளாகம், மாணவர் தங்கிப் படிப்பதற்கென்றே திட்டமிடப்பட்டது. இங்கு விடுதி என்பது படிப்பு முடிந்து படுக்கப் போகும் இடம் மட்டுமன்று. எந்த மொழியில் பழகுவது, யாரிடம் பாடம் கேட்பது, யாருக்கு அஞ்சுவது என்பவற்றையெல்லாம் பெருமளவுக்கு அதுவே தீர்மானிக்கின்றது.

தோற்றம்

இலங்கைக்கெனத் தனியொரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தை 1906 இலிருந்து முன்னெடுத்தவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் நிறுவப்பட்டது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மரபை மனத்திற் கொண்டு பேராதனையில் வதிவிட வளாகத்தை உருவாக்கினார். நகரமைப்பு வல்லுநர் பற்றிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே ஆகியோர் வளாகத்தைத் திட்டமிட்டனர். கட்டடங்களுக்கு உள்நாட்டுச் சாயலைக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். 1952 இல் மாணவர்கள் இங்கு வந்து சேர்ந்தனர்.

அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்த எனத் தொடக்ககால விடுதிகள் தலைவர்கள், கொடையாளர்கள், வரலாற்று மாந்தர் முதலியோரின் பெயர்களைத் தாங்கியுள்ளன. பழைய மாணவர்கள் தம்மை அறிமுகஞ் செய்யும்போது பீடத்தின் பெயருக்கு முன்னரே விடுதியின் பெயரைச் சொல்வதும் உண்டு.

1954 ஏப்ரலில் சம்பிரதாய முறைப்படி வளாகத்தைத் திறந்துவைத்த இளவரசர் பிலிப், மாணவர்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டதைக் கருதி, பல்கலைக்கழகம் வழமையைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவித்தார். அது நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டது. ஆனால் பேராதனை உண்மையில் திறந்தது 1960 இல், கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியபோதுதான். இலவசக் கல்வியால் மேலெழுந்த கிராமத்துப் பிள்ளைகள் அதன் பின்னரே பெருந்தொகையாக வந்தனர்.

அறையும் செலவும்

மாணவர் தொகை கூடிய வேகத்தில் விடுதிகள் கூடவில்லை. ஒருவருக்கோ இருவருக்கோ என அமைந்த அறைகளில் கூடுதல் கட்டில்கள் போடப்பட்டன. உணவு மண்டபத்தில் மேசையில் பரிமாறப்பட்ட சாப்பாட்டின் இடத்தைக் கன்டீன் பொதிச்சோறு பிடித்துக்கொண்டது. பொதுவாக முதலாம் ஆண்டினருக்கும் இறுதி ஆண்டினருக்கும் விடுதி வழங்குவதில் முன்னுரிமை உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் இடம் கிடைக்காதவர்கள் ஹிந்தகல, பெனிதெனிய, மீவத்துர போன்ற அயலூர்களில் 'போர்டிங்' அறை தேடுவர்.

அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டப்படிப்புக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. விடுதிக் கட்டணமும் மிகச் சிறிது. வெளியிலுள்ள அறை வாடகையோ அப்படியன்று. வறிய குடும்பத்துப் பிள்ளை ஒன்று மகாபொல புலமைப்பரிசிலைக் கொண்டு மாதத்தை ஓட்ட முடியுமா என்பது, விடுதியில் ஒரு கட்டில் கிடைக்கின்றதா என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. பாதி வழியில் படிப்பைக் கைவிடுவோரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கட்டில் கணக்கு மறக்கப்பட்டுவிடுகின்றது.

குப்பி

மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலிய பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்த மாணவருக்கு முதல் ஆண்டு பெரும் தடுமாற்றமாக அமையும். இங்கேதான் 'குப்பி' உதவுகின்றது. பாடத்தில் வல்ல ஒரு மாணவர் சக மாணவரையோ இளையவரையோ கூட்டிவைத்து, கட்டணம் எதுவுமின்றித் தாய்மொழியில் விளக்குவதே குப்பி. மின்சாரம் இல்லாத வீடுகளில் எரியும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்வர். பரீட்சை நெருங்கினால் விடுதிப் பொது அறையில் நள்ளிரவு தாண்டியும் குப்பி நடக்கும். ஆங்கிலத்தில் கேட்டுப் புரியாத கணிதத் தேற்றத்தைத் தமிழில் கேட்டுத் தேறியவர் பலர். விரிவுரையாளர்களுக்கும் இது தெரியும்.

பகிடிவதை

குப்பி வளர்ந்த அதே அறைகளில்தான் பகிடிவதையும் வளர்ந்தது. புதுமுக மாணவர் எந்த உடை உடுக்க வேண்டும், எந்த வழியால் நடக்க வேண்டும், மூத்தவரை எப்படி விளிக்க வேண்டும் என்ற விதிகளில் அது தொடங்கும். ஏழை பணக்காரர் வேறுபாட்டை ஒழித்து ஒற்றுமையை உண்டாக்குவதற்கே என மூத்தவர்கள் நியாயம் கூறுவதுண்டு. வீட்டுக்குத் திரும்பிப் போகும் மாணவருக்கு மாலையுடன் தொல்லை ஓயும். விடுதியில் தங்குபவருக்கு இரவிலும் தப்ப இடமில்லை.

1997 இல் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின்போது உடல் வருத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, பகிடிவதை தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. சாதாரண பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தல் அல்லது கடுங்காயம் விளைந்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

சட்டம் வந்த பின்னரும் வழக்கம் அறவே ஒழியவில்லை. பகிடிவதைக்கு உடன்படாதவர் சிங்களத்தில் 'அலயா' (உருளைக்கிழங்கு) எனப் பட்டம் சூட்டப்பட்டு ஒதுக்கப்படுவர். குப்பிக்கும் பழைய வினாத்தாளுக்கும் சங்கப் பதவிக்கும் அவர் தகுதியற்றவராகிவிடுவார். மறுப்பதற்குரிய விலை இவ்வளவு உயர்வாக இருப்பதால்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஒற்றுமைக்காக என்ற நியாயம் இந்த இடத்தில் முற்றாக உடைந்துபோகின்றது.

மொழிகள் சந்திக்கும் இடம்

கலைப்பீடம் தவிர்ந்த பிற துறைகளுக்கான அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும் இருப்பதால், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை, மாத்தறை என நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். முதன்முறையாக வேறு மொழி பேசும் ஒருவருடன் நெருங்கிப் பழகும் வாய்ப்புப் பலருக்கு இங்கேயே கிடைக்கின்றது. அந்த நெருக்கம் எப்போதும் காப்பாற்றியதில்லை. 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வளாகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது; நாடு முழுவதையும் உலுக்கிய யூலை வன்முறைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் அது நிகழ்ந்தது.

இதே வளாகத்தில் இரு மொழி நாடகங்களும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன. எதிரிவீர சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே மேடையேற்றினார். அதன் தூண்டுதலோடு தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் படித்த மாணவர்களின் மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியன 1960களில் தொடர்ந்து அரங்கேறின. தாளக்கட்டும் ஆட்டமும் பழக மாதக்கணக்கில் ஒத்திகை வேண்டும். மாலையில் வீடு திரும்பும் மாணவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது. 'இராவணேசனில்' இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அங்குள்ள மாணவர்களைக் கொண்டு அதே நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார்.