வெங்காயப் பூவும் தேனீயும்

பெரம்பலூரில் சின்ன வெங்காயத்தைக் காய் ஊன்றித்தானே பயிரிடுகிறோம், தேனீக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காய்க்குத் தேவையில்லை, விதைக்குத் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் விதை மூலமும் பயிராவது. உருண்டையான வெங்காயப் பூங்கொத்தில் ஒவ்வொரு பூவும் மகரந்தத்தை முதலில் உதிர்க்கும். அதன் சூல்முடி பிறகே பக்குவமாகும். ஆகவே மகரந்தம் வேறொரு பூவிலிருந்து வந்தாக வேண்டும். காற்று கொண்டுவராதா? மக்காச்சோளத்துக்குக் கொண்டுவரும், வெங்காய மகரந்தமோ பிசுபிசுப்பானது, பூச்சியின் உடலில் ஒட்டித்தான் பெரும்பாலும் போகும். ஒரு பயணத்தில் ஒரே வகைப் பூவையே நாடும் தேனீயின் பழக்கம் இங்கே பேருதவி. அரியலூர் முந்திரிக்கும் பூச்சியின் உதவி வேண்டும்: அதன் பூங்கொத்தில் ஆண்பூக்களே அதிகம். காய்ப்பது இடையிடையே உள்ள இருபால்பூக்கள் மட்டும். பூக்கும் நாளில் பூச்சிமருந்து தெளிப்பதை, தேனீக்கள் கூடு திரும்பிய மாலைக்குத் தள்ளிவைக்கச் சொல்வது இதனால்தான்.